939 வயது நாயகனும் பள்ளிச் சீருடையும்: கொரியக் காதல் தொடர்களில் மாயம் எதற்கு?

நிலாப்பித்து

கரிசல்காட்டான் அண்ணா போன வாரம் வேறோர் இழையில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "கொரியாக்காரர்களின் மாயக் காதல் தொடர்கள் எல்லாமே பணக்கார மாப்பிள்ளைக் கதைதான். பூதம், எமதூதன், வேற்றுக்கிரகவாசி என்பதெல்லாம் மேலே போட்டுக்கொண்ட வேஷம்." அங்கே பேச்சு வேறு என்பதால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

காதல் கதைக்கு ஒரு தடை வேண்டும். சாதாரணக் கொரியத் தொடரில் பெரும்பாலும் அது பையனின் அம்மா. காபிக் கடைக்கு வரச்சொல்லிப் பணக் கவரை நீட்டுவார், வாங்காவிட்டால் முகத்தில் தண்ணீரை ஊற்றுவார். பையன் கொஞ்சம் துணிந்தால் அந்தத் தடை இரண்டு எபிசோடில் தீர்ந்துவிடும்.

'கோப்ளின்' (பூதம்) தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஎன் என்ற கொரியக் கேபிள் சேனலில் 2016 டிசம்பரில் ஆரம்பித்து 2017 ஜனவரியில் முடிந்தது, 16 எபிசோட். நாயகன் கிம் ஷின் கொர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலத்துத் தளபதி. தன் ராஜாவின் ஆணையாலேயே கொல்லப்பட்டவன். நெஞ்சில் செருகிய வாளோடு சாகவும் முடியாமல் அலைகிறான். அந்த வாள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அவள்தான் அதை உருவ முடியும். உருவினால் அவன் இல்லாமல் போய்விடுவான். அவனுக்கு விடுதலை தரக்கூடியவள் யாரோ அவளையே அவன் நேசிக்கிறான். நேசம் வந்தபிறகு அவனுக்குச் சாக மனசில்லை. இதிலிருந்து வாளை எடுத்துவிட்டால் கதையே இல்லை அண்ணா. வேஷம் என்றால் கழற்றிய பிறகு உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். இங்கே யார் இருக்கிறார்?

இன்னொன்று. அதே தொடரில் எமதூதனுக்கு ஒரு தேநீர் அறை உண்டு. செத்தவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து, இந்த ஜென்மத்து நினைவை மறக்கும் தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். கண் தெரியாத ஒருவர் வருகிறார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த நாய் முன்பே செத்துப்போனது. அது அவருக்காக அங்கே காத்திருக்கிறது. காதல் ஜோடிக்கும் அந்தக் காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சாவைப் பற்றி இவ்வளவு கனிவாகப் பேசும் இடம் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது.

கரிசல்காட்டான்

நாய்க் காட்சி நல்ல காட்சிதான் தங்கச்சி. அதில் சண்டை இல்லை. ஆனால் நீ சொன்ன தொடரை எழுதியவர் யார் என்று பார். கிம் உன்-சுக். 2004-இல் அவர் எழுதிய 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' தொடரில் நாயகன் கார் கம்பெனி முதலாளி, நாயகி கையில் காசில்லாத பெண். 2010-இல் 'சீக்ரெட் கார்டன்': அவன் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் தலைவர், அவள் சினிமாவில் சண்டைக் காட்சிக்கு டூப் போடுபவள். 2013-இல் 'த ஹெயர்ஸ்': அவன் பெரிய குழுமத்தின் வாரிசு, அவள் அந்த வீட்டு வேலைக்காரம்மாவின் மகள். பிறகுதான் 'கோப்ளின்'. கிம் ஷின்னுக்கு மாளிகை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவனுக்குச் சேவகம் செய்யும் குடும்பமே ஒரு பெருநிறுவனத்தை நடத்துகிறது. நாயகி ஜி உன்-தாக் அம்மாவை இழந்தவள், இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சித்திரவதை செய்யும் பெரியம்மா வீட்டில் வளர்பவள், கோழிக்கறிக் கடையில் பகுதிநேர வேலைக்குப் போகிறாள்.

வரிசையாக நான்கையும் வைத்துப் பார். பத்துப் பன்னிரண்டு வருடமாக அதே ஆணும் அதே பெண்ணும்தான். கடைசியில் ஆணின் நெஞ்சில் ஒரு வாள் ஏறியிருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்டாயே, அந்தக் கார் கம்பெனி முதலாளிதான் இருக்கிறார்.

பொன்வண்டு

கரிசல் அண்ணா, ஓர் எழுத்தாளரின் நான்கு தொடரை வைத்து முழு வகைக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஹாங் சகோதரிகள் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், ஹாங் ஜங்-உன், ஹாங் மி-ரான். மாயக் காதலில் கிம் உன்-சுக்கை விட அதிகம் எழுதியவர்கள் இவர்கள்தான்.

2010-இல் எஸ்பிஎஸ் சேனலில் வந்த 'மை கேர்ள்ஃப்ரெண்ட் இஸ் அ குமிஹோ' பாருங்கள். குமிஹோ என்றால் ஒன்பது வால் நரி. கொரியப் பழங்கதைகளில் அது அழகியாக வந்து ஆண்களின் ஈரலைத் தின்னும். கேபிஎஸ் சேனலில் 1970-களிலிருந்தே பேய்க்கதைத் தொடர்களில் அதைக் காட்டிப் பயமுறுத்தி வந்தார்கள். இந்தத் தொடரில் அவள் 500 வருடம் ஒரு கோயில் ஓவியத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவள். வெளியே வந்ததும் அவள் கேட்பது மாட்டுக்கறி. பையனுக்கோ சொந்தக் காசு கிடையாது, தாத்தா தயவில் ஊர் சுற்றுகிறான், அவள் கேட்கிற கறிக்கே திண்டாடுகிறான். பலம் முழுக்க அவளிடம், பயம் முழுக்க அவனிடம். பிறகு அவளுடைய மாய மணியை அவன் 100 நாள் உடம்பில் வைத்திருந்தால் அவள் மனுஷியாகலாம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். நாள் போகப் போகத்தான் தெரிகிறது, முடிவில் இருவரில் ஒருவர் செத்தே ஆக வேண்டும். எங்கே இருக்கிறார் பணக்கார மாப்பிள்ளை?

'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்' (2013–14) தொடரிலும் அப்படித்தான். வேற்றுக்கிரகவாசி டோ மின்-ஜூன் பேராசிரியர், வீடு நிறையப் பழம்பொருள் வைத்திருப்பவர், சரி. ஆனால் நாயகி நாட்டின் முதல்நிலை நடிகை. யாரும் வந்து அவளை ஏழ்மையிலிருந்து தூக்கிவிட வேண்டியதில்லை.

நிலாப்பித்து

அந்தத் தொடரின் விதை எங்கே கிடைத்தது தெரியுமா? 1609-இல் காங்வொன் பகுதியில் வானத்தில் விசித்திரமான பொருட்கள் பறந்ததாக ஜோசொன் அரச வரலாற்றுக் குறிப்புகளில் பதிவு இருக்கிறது. அந்த நாளில்தான் டோ மின்-ஜூன் பூமிக்கு வருகிறான். 'லெஜண்ட் ஆஃப் த புளூ சீ' தொடரின் கடற்கன்னியும் யூ மொங்-இன் என்ற ஜோசொன் காலத்து அறிஞர் தொகுத்த கதைகளிலிருந்து வந்தவள்தான். சொந்த மண்ணின் ஏட்டில் கிடந்த ஒரு வரியை எடுத்து 20 எபிசோட் வளர்க்கிறார்கள். வேஷத்துக்கு யாரும் இவ்வளவு தூரம் தோண்ட மாட்டார்கள்.

செங்கமலம்

நீங்கள் மூவரும் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வயது.

'கோப்ளின்' ஆரம்பத்தில் உன்-தாக்குக்குக் கொரியாவின் பழைய கணக்கில் 19 வயது, நம் கணக்கில் அதைவிட ஒன்றிரண்டு குறைவு, பள்ளி மாணவி. நாயகனுக்கு 939. எண் அவ்வளவு பெரியதாக இருப்பதால் அது வயது மாதிரியே தோன்றுவதில்லை, நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். திரையில் நிற்பவரோ 1979-இல் பிறந்த கோங் யூ. எதிரே சீருடையில் 1991-இல் பிறந்த கிம் கோ-உன். மாயத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: முப்பத்தேழு வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆதரவற்ற ஒரு பள்ளிப் பெண்ணைத் தன் வீட்டில் தங்கவைக்கிறார். அவள் அவரை 'என் புருஷன்' என்று சொல்லிக்கொண்டு பின்னால் போகிறாள். மாயம் இல்லாமல் இதே கதையை எடுத்திருந்தால் நாம் பார்த்திருப்போமா? நிலா, மாயத்தை எடுத்தால் கதை இல்லை என்கிறாய். மாயத்தை எடுத்தால் கதையை ஒப்புக்கொள்ளவே முடியாது என்கிறேன் நான்.

நிலாப்பித்து

அக்கா, அந்த உறுத்தல் எனக்கும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் 13-ஆம் எபிசோடின் கடைசியில் அவன் சாம்பலாகி மறைகிறான். அவளுக்கு அவனைப் பற்றிய நினைவே அழிந்துவிடுகிறது. ஒன்பது வருடம் கழித்து அவன் திரும்பும்போது அவள் ரேடியோவில் தயாரிப்பாளர். சொந்த வேலை, சொந்தச் சம்பளம், சொந்த வீடு. யாரென்றே தெரியாத ஒருவனை அவள் முதலிலிருந்து எடைபோடுகிறாள். எனக்கு அவர்கள் காதல் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. சீருடைக் காலத்தில் அவளுக்குக் கிடைத்தது வீடும், தன்னைத் தேடி வர ஓர் ஆளும். ஜுமுன்ஜின் அலைகரையில் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும்போது அவள் வேண்டுவதைக் கேளுங்கள்: ஒரு பகுதிநேர வேலை, பெரியம்மா குடும்பத்திலிருந்து விடுதலை, ஓர் ஆண் நண்பன். முதலில் கேட்டது வேலை.

செங்கமலம்

அப்படியென்றால் 29 வயதிலிருந்து தொடங்கியிருக்கலாமே? அந்த நல்ல பகுதிக்கு மூன்றே எபிசோட், அதற்கு முந்தையதற்குப் பதின்மூன்று. எதைக் காட்ட ஆசைப்பட்டார்கள் என்பதை அந்தக் கணக்கே சொல்கிறது.

மின்மினி

நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 'லவ்லி ரன்னர்' பற்றி யாருமே பேசவில்லையே? 2024 ஏப்ரல், மே மாதங்களில் வந்தது. அதில் செங்கமலம் அக்கா சொல்லும் பிரச்சினையும் இல்லை, கரிசல் மாமா சொல்லும் பிரச்சினையும் இல்லை.

இம் சோல் விபத்தில் நடக்க முடியாமல் போனவள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று இருந்தவளை ஒரு பாடகனின் குரல் வாழவைக்கிறது. அந்தப் பாடகன் ரியூ சன்-ஜே இறந்துபோகிறான். அவள் 2008-க்குத் திரும்பிப் போகிறாள், அவனைக் காப்பாற்ற. காப்பாற்றுவது ரசிகை! அங்கே இருவரும் ஒரே வயதுப் பள்ளிப் பிள்ளைகள். தான் மட்டும்தான் ஒருதலையாக நேசித்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, மழையில் மஞ்சள் குடையோடு ஓடிவந்த அவளை அவன் அவளுக்கும் முன்பே நேசித்திருக்கிறான் என்று தெரியவரும். அந்த எபிசோடை முடித்துவிட்டு நான் தூங்கவே இல்லை.

டிவி ரேட்டிங் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 'கோப்ளின்' கடைசி எபிசோட் 20 சதவீதத்தைத் தாண்டியது, கேபிள் டிவியில் ஒரு தொடர் அந்த உயரத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. ஆனால் 2024-இல் கொரியாவில் இளசுகள் பேசியதெல்லாம் 'லவ்லி ரன்னர்'தான்.

கரிசல்காட்டான்

மின்மினி, நான் அதையும் பார்த்தேன், என் மகள் பார்க்க வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இரண்டாவது குறை ஒன்று உண்டு: இந்தத் தொடர்களில் சாவு நிலைப்பதில்லை. அதற்கு அது சரியான சாட்சி. எத்தனை முறை காலத்தில் பின்னால் போகிறாள்! ஒரு முறை தவறினால் இன்னொரு முறை. மீட்கக்கூடிய சாவுக்கு எதற்கு அழ வேண்டும்? 'கோப்ளின்' முடிவும் அதுதான். உன்-தாக் குழந்தைகள் வண்டி மீது மோத வந்த லாரிக்குக் குறுக்கே தன் காரை நிறுத்தி உயிரை விடுகிறாள். அருமையான முடிவு. அங்கே நிறுத்தியிருந்தால் நான் எழுந்து கும்பிட்டிருப்பேன். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபிறவி, கனடாவின் கியூபெக் மலைச்சரிவு, சிரிப்பு. சாவுக்கு விலை வைத்துவிட்டு, அந்த விலையை ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இடையிடையே சாண்ட்விச், காபி, மாத்திரை விளம்பரத்தைக் கதைக்குள்ளேயே செருகுவது வேறு. அதை விட்டுவிடுகிறேன், அது எல்லாத் தொடரிலும் இருக்கிறது.

நிலாப்பித்து

திருப்பிக் கொடுக்கவில்லை அண்ணா. மனுஷருக்கு நான்கு ஜென்மம் என்று தொடரிலேயே விதி சொல்லியாயிற்று: விதைக்கும் ஜென்மம், தண்ணீர் ஊற்றும் ஜென்மம், அறுக்கும் ஜென்மம், அறுத்ததை அனுபவிக்கும் ஜென்மம். அவள் மறதித் தேநீரைக் குடிக்க மறுத்துவிட்டுத்தான் போகிறாள். அதனால்தான் திரும்பி வரும்போது அவனைத் தெரிகிறது. ஆனால் அவளுக்கும் ஒரு நாள் அந்த நான்கும் முடியும். அவன் மட்டும் மறுபடி தனியாக நிற்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. நீங்கள் சிரிப்பை மட்டும் பார்க்கிறீர்கள்.

பொன்வண்டு

சாவுக்கு விலை வைத்து அதைத் திருப்பித் தராத தொடர் வேண்டுமா? 'ஹோட்டல் டெல் லூனா', 2019. ஜாங் மான்-வொல் பேய்களுக்கான ஹோட்டலின் முதலாளி. 1300 வருடமாக அங்கேயே கட்டுண்டவள். சொகுசு கார், ஷாம்பெயின், நகை என்று எதையும் விடாத பேராசைக்காரி, கோபக்காரி. அவள் கோபம் தணியாதவரை தோட்டத்து மரம் மொட்டையாகவே நிற்கும், அவளுக்கும் வயதாகாது. மேலாளராக வரும் கூ சான்-சங் மீது அன்பு வந்ததும் மரம் துளிர்க்கிறது. பிறகு பூக்கிறது. பூ உதிர உதிர அவள் போகும் நாள் நெருங்குகிறது. அவளைக் குணப்படுத்துவதும் அவளை அனுப்பிவைப்பதும் ஒன்றே என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் செய்கிறான். கடைசியில் அவள் பாலத்தைக் கடந்து போய்விடுகிறாள். அவன் இங்கே இருக்கிறான். அடுத்த ஜென்மத்தில் பார்ப்போம் என்பது அவர்களின் ஆசை மட்டும்தான்.

பணம் அவளிடம், வயது அவளிடம், அதிகாரம் அவளிடம். உங்கள் இருவரின் குறைக்கும் ஒரே தொடரில் பதில் இருக்கிறது.

செங்கமலம்

இதை ஏற்கிறேன். மான்வொல் எனக்கும் பிடித்தவள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் நாயகி. ஆனால் பொன்வண்டு, 'கோப்ளின்' பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல தொடர் ஒன்று இருக்கிறது என்பது மற்றதற்குச் சமாதானம் ஆகாது.

கரிசல்காட்டான்

எல்லாம் சரி பொன்வண்டு. பேரைப் போட்டு முடித்த பிறகு வரும் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே. ஹோட்டலுக்குப் புது முதலாளி வருகிறார். நடிகர் கிம் சூ-ஹ்யூன், கோட்டு சூட்டோடு, விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு. மான்வொல் போன சோகம் ஆறுவதற்குள் மறுபடி அழகான பணக்கார ஆண் ஒருவரை நிறுத்தித்தான் திரையை மூட முடிகிறது அவர்களால்.

பொன்வண்டு

அது ஒரு நிமிடம்கூட வராத சிறப்புத் தோற்றம் அண்ணா. வந்தவர் மான்வொல்லைத் திருப்பிக் கூட்டிவரவில்லை. சான்-சங்குக்கு ஆறுதலும் சொல்லவில்லை. செத்தவர்கள் இன்னும் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் தங்க ஓர் இடம் வேண்டும், அதற்கு வேறோர் ஆள் வந்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட திருப்பித் தராத சாவு அங்கே அப்படியேதான் இருக்கிறது.

நிலாப்பித்து

கரிசல் அண்ணா, அடுத்து 'குமிஹோ' தொடரைப் பாருங்கள். அதன் முடிவிலும் அவள் திரும்பி வருகிறாள், உங்களுக்குக் கோபம் வரும், அது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு அந்த 100 நாள் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுங்கள், நான் அங்கே பதில் சொல்கிறேன். செங்கமலம் அக்கா கேட்ட "ஏன் 29-இல் தொடங்கவில்லை" என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.