என் பேர்ல யாரோ கார்டு வாங்கிட்டாங்க, அவசரம்

மஞ்சக்குப்பம்_தம்பி: வந்து ரெண்டரை மாசம்தான் ஆகுது. நேத்து தபால்ல கிரெடிட் கார்டு பில் ஒண்ணு, 1,840 டாலர். அப்படி ஒரு கார்டு நான் கேட்கவே இல்ல. கட்டலேன்னா விசாவுக்குச் சிக்கலா? வீட்ல இன்னும் சொல்லல.

புதுவை_அக்கா: பத்து டாலர்கூட கட்டாதீங்க தம்பி, கடனை ஒத்துக்கிட்டதா பேசுவாங்க. விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எந்த நாடு? டாலர்னு மொட்டையா சொன்னா எப்படி?

நெல்லிக்குப்பம்_ரோடு: முதல்ல ஊர்ப் பக்கம் பாருங்க. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்ல அனுப்பின ஆதார், பான் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லயே கிடக்கும். ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) பூட்டுங்க. இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுடாதீங்க. நம்பர் செத்தா பிறகு வேற ஆளுக்குப் போகும், பேங்க் ஓடிபியும் கூடவே போகும்.

வண்டிப்பாளையம்: நல்ல யோசனைதான், ஆனா ஆதாரை வெச்சு டாலர் கார்டு எவன் தருவான்?

மஞ்சக்குப்பம்_தம்பி: அமெரிக்கா, நியூ ஜெர்சி அண்ணா. சொல்ல மறந்துட்டேன். வந்த வாரம் ஆன்லைன்ல பார்த்த ஒரு வாடகை வீட்டுக்கு ஃபார்ம் அனுப்பினேன், எஸ்எஸ்என் (அமெரிக்க அரசு தர்ற சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) போட்டு. அப்புறம் அவங்க பதிலே இல்ல.

வண்டிப்பாளையம்: அங்கதான் போயிருக்கு. வீட்டை நேர்ல பார்க்காம அந்த எண்ணைக் குடுக்கவே கூடாது. ஃப்ராட் அலர்ட் போடுங்க, போதும். ஒரு கிரெடிட் பீரோவுல (நம்ம கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கிற கம்பெனி) போட்டா மத்த ரெண்டுக்கும் அவங்களே சொல்லிடுவாங்க, ஒரு வருஷம் நிக்கும்.

புதுவை_அக்கா: போதாது. அலர்ட்னா கடன் குடுக்கறவன் 'சரிபார்த்துக் குடுக்கணும்'ங்கற எச்சரிக்கை, அவ்வளவுதான். ஃப்ரீஸ்னா கதவுக்குப் பூட்டு, புதுசா கடன் குடுக்கறவன் உங்க கடன் ரிப்போர்ட்டைப் பார்க்கவே முடியாது.

நெல்லிக்குப்பம்_ரோடு: ஃப்ரீஸ் போட்டா வீடு, கார் எதுவும் கிடைக்காது. புதுசா வர்றவனுக்கு கிரெடிட் இல்லேன்னு கூடுதல் அட்வான்ஸ், வண்டி இல்லேன்னு வேலை இல்ல...

வண்டிப்பாளையம்: நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் கேட்கறப்ப வாயே திறக்கல!

புதுவை_அக்கா: புலம்பல் போதும். தம்பி, 2023ல மட்டும் இந்த மாதிரி 10 லட்சத்துக்கு மேல புகார் அமெரிக்காவுல. அதுல கார்டு மோசடிதான் முதலிடம். பயப்படாம வரிசையா செய்யுங்க. கார்டு கம்பெனியோட மோசடிப் பிரிவுக்குப் பேசி கணக்கை மூடச் சொல்லுங்க, எழுத்துல கேளுங்க. ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ்ங்கற அரசுத் தளத்துல புகார் பதிஞ்சு பிடிஎஃப் எடுங்க. அந்தப் புகாரோட அடையாள நகலும் கடிதமும் வெச்சா, பீரோ நாலு வேலை நாள்ல அந்தக் கணக்கை உங்க கடன் ரிப்போர்ட்ல மறைக்கணும், இது சட்டம். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணுலயும் தனித்தனியா ஃப்ரீஸ். 2018லேருந்து இலவசம். வீடு பார்க்கறப்ப ஆன்லைன்ல விலக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துல விலக்கியாகணும்.

மஞ்சக்குப்பம்_தம்பி: அக்கா, எக்ஸ்பீரியன்ல 'சரிபார்க்க முடியவில்லை'ன்னு வருது.

புதுவை_அக்கா: பழைய கடன் வரலாறு இல்லாததால நீங்கதானான்னு சோதிக்கக் கேள்வி கேட்க அவங்ககிட்ட ஒண்ணுமில்ல. பாஸ்போர்ட், எஸ்எஸ்என் கார்டு நகல், பேர் போட்ட கரண்ட் பில், மூணையும் சர்டிஃபைட் மெயில்ல (நம்ம பதிவுத் தபால் மாதிரி) அனுப்புங்க, ரசீதை வெச்சுக்கோங்க. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்துல ஐபி பின்ங்கற ஆறு இலக்க ரகசிய எண் வாங்கிடுங்க, இல்லேன்னா உங்க பேர்ல வரி ரீஃபண்டையும் எடுத்துடுவான்.




வண்டிப்பாளையம்: மெயில்பாக்ஸ் சாவியையும் மாத்தச் சொல்லுங்க. பழைய குடித்தனக்காரர்கிட்ட இன்னொரு சாவி இருக்கலாம்.