வாரம் ஒரு முட்டையா, இரண்டு வாரத்துக்கு ஒன்றா?

ஆக்கிப்போட்டவள்: "ஏழைப் பிள்ளைகள் மெலிந்திருக்க வறுமை காரணமில்லை, தாய்மாரின் அக்கறையின்மைதான். 1989 முதல் வாரம் ஒரு முட்டை கொடுத்தும் தேறவில்லையே" என்று நேற்று இங்கே நடுநிலையான் எழுதியிருக்கிறார். ஐயா, 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எண்ணி வாங்கிய கை இது.

நடுநிலையான்: எப்படியோ, முட்டை முட்டைதானே? என் தந்தை முட்டையைக் கண்ணால் காணாமல் வளர்ந்தவர். எண்பது வயதிலும் வயலுக்குப் போகிறார்.

ஆக்கிப்போட்டவள்: யாருடைய வயல்?

நடுநிலையான்: எங்களுடையதுதான். அதற்கென்ன?

ஆக்கிப்போட்டவள்: சொந்த வயல், தொழுவத்தில் கறவை மாடு. அப்புறம் முட்டை எதற்கு? எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டில் விழுந்த முட்டையைத் தொடமாட்டாள். பாவாடை நுனியில் முடிந்து தம்பிக்குக் கொண்டுபோவாள். வீடு சேர்வதற்குள் ஓடு நொறுங்கித் துணியெல்லாம் ஒட்டியிருக்கும். கழிப்பறை இல்லாத தெரு, செருப்பில்லாத கால். பாதம் வழியே கொக்கிப்புழு ஏறிக் குடலில் இரத்தம் குடிக்கும், சோகை பிடிக்கும். கூலிக்குப் போன தாயின் அக்கறை அந்தப் புழுவைத் தடுக்குமா? அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று!

கீழத்தெருக்காரன்: அம்மா, 2010-லிருந்து வாரம் ஐந்து முட்டை. இன்னும் 1989-லேயே நிற்கிறீர்களே. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்காவிட்டால் முட்டை எங்கே வைத்திருப்பீர்கள்?

பழங்கணக்கு: 1956-ல் காமராஜர் சோறு போட்டது மறந்துவிட்டதோ?

கீழத்தெருக்காரன்: 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி போட்டது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பழங்கணக்கு: சீமைக்கருவேல விவாதத்தில் பாதியில் ஓடியவர் எனக்கு வரலாறு சொல்லவேண்டாம்.

ஆக்கிப்போட்டவள்: யார் போட்டால் என்ன, எத்தனை நாளுக்கு ஒன்று என்பதுதான் பேச்சு. நடுநிலையான் எங்கே?

நடுநிலையான்: இங்கேதான் இருக்கிறேன். வாரம் ஒன்று என்றே எனக்கு நினைவு.

ஆக்கிப்போட்டவள்: எந்தப் பள்ளியில் வாங்கித் தின்றீர்கள்?

நடுநிலையான்: நான் கான்வென்ட்டில் படித்தேன். கேள்வியைத் திருப்பாதீர்கள்.

ஆக்கிப்போட்டவள்: இரண்டு வாரத்துக்கு ஒன்று.

பழங்கணக்கு: கருவேலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.