98 காட்டியும் மூச்சு வாங்குவது ஏன்? வார்டிலும் ஆய்வகத்திலும் எதிர்ப்படுபவை

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் "ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவது வார்டில் அடிக்கடி காணும் தவறு. ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். இருக்கிற ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் உள்ளவருக்கு அந்த 100 மி.லி.யில் இருக்கும் ஆக்ஸிஜன் 15 × 1.34 × 0.98, அதாவது 19.7 மி.லி. ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கியவருக்கும் கருவி அதே 98தான் காட்டும், கையிருப்போ 6.6 மி.லி. முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தாலும் மீதி 2 சதவீதம்தான் நிரம்பும், ரத்த நீரில் கரைவது கொஞ்சம் கூடும். சுமக்க ஆள் இல்லாத இடத்தில் மூட்டையைக் குவித்து என்ன பயன்?

---

மேலே உள்ள கணக்கோடு, ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் வளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசமாக இருக்கும்போது நிறைவு 97, 98. அழுத்தம் 60க்கு வந்தாலும் ஏறக்குறைய 90 நிற்கும். அதற்குக் கீழே சரிவுதான்: 40இல் 75, 27இல் பாதி. ஆகவே 91இல் அமைதியாகப் படுத்திருப்பவர் மேட்டின் விளிம்பில் இருக்கிறார். சளி கொஞ்சம் அடைத்தாலும் எண் கடகடவென்று விழும்.

இந்த வளைவு எங்கிருந்து வருகிறது? ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஹீம் வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு. வெறுமையாக இருக்கும்போது இரும்பு வளையத்தின் தளத்திலிருந்து சற்றே விலகி நிற்கும். ஆக்ஸிஜன் ஒட்டியதும் ஏறக்குறைய 0.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உள்ளே நகரும். அந்தச் சிறு நகர்வு தன்னோடு பிணைந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை இழுக்க, சங்கிலி திரும்ப, பக்கத்துச் சங்கிலிகளும் இளகிக் கொடுக்கின்றன. முதல் ஆக்ஸிஜனுக்குத்தான் வாசல் இறுக்கம். இறக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும். அமிலமும் சூடும் கூடிய தசையில் பிடி இன்னும் தளரும். என் கணிப்பில் இந்த மூலக்கூறின் அழகு பிடிப்பதில் இல்லை, விட வேண்டிய இடத்தில் விடுவதில்தான் இருக்கிறது.

---

விடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கார்பன் மோனாக்சைடு சாட்சி. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். இடத்தைப் பறிப்பதோடு நிற்காது. மிச்ச இடங்களில் உள்ள ஆக்ஸிஜனையும் இறங்கவிடாது. அதனால்தான் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த ரத்தசோகையில் நடமாடுபவர் உண்டு, பாதி கார்பன் மோனாக்சைடு ஏறியவர் நினைவிழந்து கிடப்பார்.

இங்கே கருவியை நம்பவே கூடாது. 660, 940 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளிகளை மட்டும் வைத்துப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இதையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணும். தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தமும் இயல்பாக வரும். அதிலிருந்து கணக்கிட்டுத் தரும் நிறைவும் பொய். பல அலைநீள ஒளிகளில் ரத்தத்தைப் பார்க்கும் கோ-ஆக்ஸிமீட்டரில் நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம். 100 சதவீத ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். முடிவுக்காகக் காத்திராமல் ஆக்ஸிஜனைத் தொடங்கிவிட வேண்டும்.

---

ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒன்று. எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் எண் 85ஐ ஒட்டியே நின்று, உதடு நீலமாக இருந்தால் மெத்தீமோகுளோபினை நினையுங்கள். இரும்பு ஒரு எலெக்ட்ரானை இழந்துவிட்ட நிலை அது, ஆக்ஸிஜன் ஒட்டாது. பல் ஈறில் தடவும் பென்சோகெயின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், நைட்ரைட் ஆகியவை வழக்கமான காரணங்கள். வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் இயல்பான சிரை ரத்தம் ஒரு சொட்டு விடுங்கள். காற்றுப் பட்டதும் இயல்பானது சிவக்கும். இது சாக்லேட் பழுப்பிலேயே காய்ந்துபோகும்.

மருந்து மெத்திலீன் புளூ: கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., 5 நிமிடத்தில் மெதுவாகச் சிரை வழியே. செலுத்தியதும் ஆக்ஸிமீட்டர் எண் இன்னும் விழும். சாயம் 660 ஒளியை விழுங்குவதால் வரும் வீழ்ச்சி அது, பதற வேண்டாம். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மருந்து வேலை செய்யாது, சிவப்பணுக்களும் உடையும்.