லண்டனில் போன்: முழுக் காசு கொடுத்து வாங்குவதா, கான்ட்ராக்ட்டில் எடுப்பதா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:

செப்டம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளும் வேலை விசாவில் வருபவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கள், புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: போன் வேறு, லைன் வேறு. இரண்டையும் ஒரே பில்லில் முடிச்சுப் போட விடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஐபோன் 16 இங்கே 2024 செப்டம்பரில் 799 பவுண்டுக்கு வந்தது. மாதம் 10 பவுண்டு சிம் ஒன்லி (போன் இல்லாமல் லைன் மட்டும்) போட்டால் இரண்டு வருஷத்துக்கு 240, ஆக மொத்தம் 1,039. அந்த அக்டோபரில் எங்கள் பிளாட்டில் இருக்கும் தம்பியோடு கடைக்குப் போயிருந்தேன். அதே போனுக்கு முன்பணம் 30, மாதம் 46, இருபத்துநான்கு மாதம் என்றார்கள். "30 பவுண்டு கொடுத்தால் இன்றே கையில் போன்" என்றதும் தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால், ஒவ்வொரு ஏப்ரலிலும் மாதக் கட்டணம் 1.80 கூடும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. அதாவது முதல் ஆறு மாதம் 46, அடுத்த பன்னிரண்டு மாதம் 47.80, கடைசி ஆறு மாதம் 49.60. முன்பணத்தோடு கூட்டினால் 1,177 பவுண்டு. அங்கேயே நின்று போனில் தட்டிக் காட்டினேன். 138 பவுண்டு அதிகம், அதற்குமேல் இரண்டு வருஷம் வேறு எங்கும் போக முடியாத கட்டு.

இந்த ஏப்ரல் ஏற்றம் முன்பு இதைவிட மோசம். பெரும்பாலும் டிசம்பர் மாதப் பணவீக்கம் எவ்வளவோ அதோடு 3.9 சதவீதம் சேர்த்து ஏற்றுவார்கள். 2023-இல் விலைவாசி ஏறிக் கிடந்தபோது சில நிறுவனங்கள் 14.4 சதவீதமும், ஒன்று 17.3 சதவீதமும் கூட்டின. போனுக்கான காசும் அதே பில்லில் இருந்தவர்களுக்கு அதற்கும் சேர்த்தே ஏறியது. என்றைக்கோ விலை பேசி வாங்கிய பொருளுக்கு நடுவில் எப்படி விலை ஏற்றலாம் என்று எனக்கு இன்றும் கோபம் வரும். 2025 ஜனவரி 17 முதல் புது ஒப்பந்தங்களில் எவ்வளவு ஏறும் என்பதை பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் ஏற்றுவதை நிறுத்தவில்லை, அதைக் கவனியுங்கள்.

அப்புறம், கான்ட்ராக்ட் முடிந்த பிறகு நடப்பது. எங்கள் தெருவில் ஓர் அக்கா மாதம் 41 பவுண்டு கட்டிக்கொண்டிருந்தார். பழைய போன், ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. சந்தேகப்பட்டு பில்லைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி, தேதியோடு. தேதி போய் ஒரு வருஷத்துக்கு மேல். போனுக்கான காசு எப்போதோ கட்டித் தீர்ந்திருக்கிறது, வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் டைரக்ட் டெபிட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முடியப்போகிறது என்று மெசேஜ் அனுப்ப வேண்டும் என 2020 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது, அவருக்கும் வந்திருக்கிறது, விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார். வீடு, பிள்ளைகள், இரவு ஷிப்ட் என்று ஓடுகிற மனுஷி எத்தனை மெசேஜைத்தான் படிப்பார்?

அன்றே 'பிஏசி' (PAC) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65085-க்கு மெசேஜாக அனுப்பினோம். உடனே பழைய நம்பரை மாற்றிக்கொள்வதற்கான குறியீடு வந்தது, அதைப் புது சிம் நிறுவனத்திடம் கொடுத்தோம், அடுத்த வேலை நாளில் அதே நம்பர் மாறிவிட்டது. 2019 ஜூலையிலிருந்து இந்த வசதி இருக்கிறது. யாரிடமும் போனில் கெஞ்ச வேண்டாம், மாறிய பிறகு நோட்டீஸ் காலத்துக்கென்று காசும் பிடிக்கக் கூடாது. இப்போது அக்கா கட்டுவது மாதம் 8 பவுண்டு.

வெம்பிளிக்காரன்:

அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த காலத்தில் கான்ட்ராக்ட் எடுத்தால் போன் இலவசம் என்றுதான் சொல்லித் தருவார்கள். எடுத்த போன் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பூட்டியிருக்கும். வேறு சிம் போட வேண்டுமென்றால் அன்லாக் பண்ணுகிற கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் இருந்து பூட்டிய போன் விற்கக்கூடாது என்று தடை வந்த பிறகுதான் அந்தத் தலையிடி ஒழிந்தது.

சிம் ஒன்லிக்கு பெரிய கம்பெனிதான் வேண்டும் என்றில்லை. லெபாரா ஓடுவது வோடஃபோன் டவரில், லைக்கா ஓடுவது இஇ (EE) நெட்வொர்க்கின் டவரில். இரண்டையும் தொடங்கினது எங்கட ஆட்கள்தான். ஊருக்குக் கதைக்கிற நிமிடங்களும் சேர்த்துத் தருகிற பிளான்கள் இருக்கு, அதையும் பார்த்து எடுங்கோ.

லூட்டன் மதினி:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஸ்டேஷன் வாசலில் மேப் பார்த்துக்கொண்டு நின்றேன், சைக்கிளில் வந்தவன் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். போன் போனது போனதுதான், அதற்கு அழுது பயனில்லை. ஆனால் கான்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. "போன் இல்லையே, லைனை மட்டுமாவது சின்ன பிளானுக்கு மாற்றுங்கள்" என்று கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அடிப்படை ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கி அதில் அந்த விலை உயர்ந்த சிம்மைப் போட்டு ஓட்டினேன்.

எல்லோரும் இன்றே *#06# அழுத்தி ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) காகிதத்தில் எழுதி வையுங்கள். போலீஸில் பதியவும் போனை முடக்கவும் அதைத்தான் கேட்பார்கள். வீட்டுப் பொருள் இன்சூரன்ஸ் இருந்தால் வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்கும் அது உண்டா என்று பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறேன், தனியாக போன் இன்சூரன்ஸ் கட்டுவதில்லை.

டெலிவரி தம்பி:

எல்லோரும் ஒரேயடியாகக் கான்ட்ராக்ட்டைத் திட்டுகிறீர்கள். 800 பவுண்டு மொத்தமாக எடுத்து வைக்க என்னிடம் எங்கே இருக்கிறது? மாதம் பிறந்தால் வாடகை, ஊருக்கு அம்மாவுக்குப் பணம், மிச்சம் கையில் நிற்பதில்லை. என் வேலைக்கு நாள் முழுக்க மேப் ஓட வேண்டும், பேட்டரி நிற்காத போனை வைத்துக்கொண்டு ஆர்டர் எடுக்க முடியாது. அதனால் போனுக்குத் தனிக் கடன், லைனுக்குத் தனி பிளான் என்று பிரித்துத் தரும் ஒன்றைத் தேடி எடுத்தேன். போன் கடனுக்கு வட்டி இல்லை, கடை விலையை 24-ஆல் வகுத்த தொகைதான். கட்டி முடித்ததும் அந்தப் பகுதி தானாகவே நின்றுவிடும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

தம்பி, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நான் எதிர்ப்பது தவணையை அல்ல, போன் காசு எவ்வளவு, லைன் காசு எவ்வளவு என்றே தெரியாமல் ஒரே தொகையாகத் தலையில் கட்டுவதைத்தான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: லைன் பகுதியின் ஏப்ரல் ஏற்றம் எவ்வளவு, லைன் காசு தனியாக வாங்கும் சிம் ஒன்லியை விட எவ்வளவு கூடுதல் என்று. சில இடங்களில் போனுக்கு வட்டி இல்லை என்று சொல்லிவிட்டு லைனில் எடுத்துவிடுகிறார்கள். 36 மாதத் தவணை என்றால் இன்னும் கவனம்.

புது மாணவி:

அண்ணா, நான் போன வாரம்தான் கோவையிலிருந்து வந்தேன். கான்ட்ராக்ட் கேட்டால் கிரெடிட் செக்கில் (கடன் கட்டிய பதிவைச் சரிபார்ப்பதில்) நிராகரித்துவிட்டார்கள். எதனால் என்றும் சொல்லவில்லை. என்ன செய்வது?

ஈஸ்ட்ஹாம்வாசி:

கவலைப்படாதேம்மா, உன் மேல் தப்பு இல்லை. இந்த நாட்டில் நீ கடன் வாங்கிக் கட்டிய பதிவே இன்னும் இல்லை, அதனால்தான். வேறு வேறு கடையில் மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதே, அவர்கள் உன் கடன் பதிவைத் தேடிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகும். இப்போதைக்குக் கையில் இருக்கும் போனிலேயே மாத சிம் போட்டுக்கொள். புது போன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் போன வருஷத்து மாடலைப் பார், அல்லது கம்பெனியே புதுப்பித்து வாரன்டியோடு விற்பதைப் பார். பிறகு கிரெடிட் கார்டு கிடைத்து அதில் வாங்கினால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு கடைக்காரர் கைவிரித்தாலும் கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்கலாம், 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. ஆனால் மாதா மாதம் முழுத்தொகையும் கட்டிவிட வேண்டும்.

வாக்காளர் பட்டியலிலும் பெயரைப் பதிந்துவிடு. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் விசாவில் இருந்தாலும் இங்கே பதியலாம், பலருக்கு இது தெரியாது. ஆன்லைனில் சில நிமிட வேலை, கட்டணம் இல்லை. முகவரி உறுதியாவதால் கிரெடிட் பதிவுக்கும் அது உதவும்.

இன்னொன்று, படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது கான்ட்ராக்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கை மூடினாலும் கடன் மூடாது, மீதி மாதங்களுக்கான தொகை வசூல் நிறுவனத்துக்குப் போய்விடும், கட்டத் தவறிய பதிவு ஆறு வருஷம் நிற்கும். அப்படிப் போன ஒருவர் வேலை கிடைத்துத் திரும்பி வந்தபோது, வாடகை வீடு பார்க்கும் இடத்தில் ஏஜென்ட் அந்தப் பதிவைக் காட்டி ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். உன் விசா எத்தனை மாதமோ, அதைத் தாண்டி ஓடும் எதிலும் கையெழுத்துப் போடாதே. மாதாமாதம் நிறுத்தக்கூடிய சிம்மே உனக்குப் போதும்.