சின்சில்லா பின்னங்காலை ஊன்றவில்லை, சாப்பிடவும் இல்லை. அவசரம்

கீழைப்பெண் (இரவு 8.50)
எங்கள் சின்சில்லா (அணில், எலி வகையைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி) சாயங்காலத்தில் இருந்து ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. கூண்டு மூலையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கிறது. முதுகில் ஒரு இடத்தில் முடி கொத்தாகப் போய்த் தோல் தெரிகிறது. ராமநாதபுரத்தில் போன் பண்ணிய இடத்தில் நாய், பூனை, கோழி மட்டும்தான் பார்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப் வீட்டில் இருக்கிறது. வலிக்கு எத்தனை சொட்டு கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்டபம்வாசி (8.54)
சிரப்பை மூடி வையுங்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். அரைக் கிலோ உடம்புக்கு நம் கைக்கணக்கு சரிப்படாது. எந்தக் கால்? விழுந்ததா, மாட்டிக்கொண்டதா? ரத்தம் உண்டா? கடைசியாக எப்போது சாப்பிட்டது, புழுக்கை எப்போது போட்டது?

உப்புக்காற்று (8.57)
எனக்கு இது சூடு மாதிரித்தான் தெரிகிறது. சின்சில்லா ஆண்டிஸ் மலைக்காரப் பிராணி. 25 டிகிரியைத் தாண்டினாலே திணறும், வியர்க்கவும் செய்யாது. நம் கடலோரப் புழுக்கத்தில் என்ன பாடுபடும்? காதைத் தொட்டுப் பாருங்கள், சிவந்து சுடுகிறதா? ஏசி போடுங்கள். ஆனால் உடம்பில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், அந்த ரோமம் லேசில் காயாது.

சாயல்குடி ஆட்டுக்காரன் (9.02)
கால் ஒடிந்திருந்தால் பிரண்டையை அரைத்து முட்டை வெள்ளைக்கருவோடு பற்றுப் போட்டு, இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுங்கள். எங்கள் பட்டியில் குட்டிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம், நன்றாகக் கூடி வருகிறது. நம்பிச் செய்யலாம் அக்கா.

கொறிணிக்காரர் (9.05)
எத்தனை தடவை எழுதியாகிவிட்டது! வயது, எடை, ஆணா பெண்ணா, கூண்டின் தரை என்ன, என்ன தீவனம் என்று எதுவுமே சொல்லாமல் கேள்வி போட்டால் யார் என்ன பதில் சொல்ல முடியும்? வாங்கும் முன்னால் கொஞ்சம் படித்திருந்தால் முடி போனதற்குப் பயப்பட வேண்டியிருக்காது. அது நோய் இல்லை. பயத்திலோ பிடியிலோ சின்சில்லா முடியைக் கொத்தாக விட்டுவிட்டுத் தப்பும். பருந்து வாயில் ரோமம் மட்டும் மிஞ்சுவதற்கான ஏற்பாடு அது. தோலில் கீறல் இல்லையென்றால் சில மாதத்தில் வளர்ந்துவிடும். காலைப் பற்றிப் பேசுங்கள்.

கீழைப்பெண் (9.11)
இடது பின்னங்கால். கூண்டின் மேல்தட்டு கம்பிவலை. மகன் பார்த்தபோது கால் வலைக்குள் மாட்டித் தொங்கியதாம். விடுவிக்கும்போதுதான் முடி அவன் கையோடு வந்திருக்கிறது. ரத்தம் கண்ணில் படவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் வெளிப்பக்கமாகத் திரும்பி இருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. உலர்திராட்சையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மதியத்துக்கு அப்புறம் புழுக்கை இல்லை. காது சூடாக இல்லை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. மண்டபம்வாசி காக்கா, மதுரைக்கு இப்போதே கிளம்பணுமா, காலையில் போகலாமா?

மண்டபம்வாசி (9.23)
தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எலும்பு முறிவுதான். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு நீளமாக, மெல்லிசாக, மேலே சதைப்பிடிப்பு இல்லாமல் இருக்கும். வலையில் மாட்டித் துள்ளினால் முதலில் ஒடிவது அதுதான். கால் திரும்பியிருப்பது, நறநறப்பு, பாதிக் கண், பிடித்த தின்பண்டத்தை மறுப்பது எல்லாம் கடுமையான வலியின் அடையாளம். இந்தப் பிராணி கத்தி அழாது, ஒடுங்கித்தான் போகும்.

இப்போதேயா காலையிலா என்பதற்கு இதைப் பாருங்கள். காயத்துப் பக்கம் ரோமத்தை வாயால் மெல்ல ஊதி விலக்குங்கள். ஒரே மயிர்க்காலில் 60 முடி வரை இருக்கும், அதனால் எலும்பு தோலைக் கிழித்திருந்தாலும் வெளியே தெரியாது. ஈரமாக ஒட்டிய ரோமம் இருந்தால் சந்தேகப்படுங்கள். விரல்கள் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கின்றனவா? எலும்பு தெரிந்தால், விரல் நீலம் பாய்ந்தோ சில்லென்றோ இருந்தால், ஈறு வெளுத்திருந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் எடுக்காமல் அழுத்தியபடியே புறப்படுங்கள். இதெல்லாம் இல்லையென்றாலும் விடியலைத் தாண்ட வேண்டாம். எலும்பைவிட எனக்குக் குடல்தான் கவலை. சின்சில்லா வலியில் தின்பதை நிறுத்தினால் குடல் அசைவு நின்று வாயு கட்டிக்கொள்ளும். ஒரு நாள் பட்டினியே ஆளைச் சாய்க்கும்.

அதுவரைக்கும், தட்டு இல்லாத சின்னக் கூடையில் நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள். கையால் தூக்க வேண்டாம், கூடையைச் சாய்த்து வைத்து அதுவாக நகரும்படி விடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் இரண்டு கையால் தாங்கி எடுங்கள். மணல் குளியல் கிண்ணம், ஓடும் சக்கரம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். இருட்டு, அமைதி. டிமோத்தி புல்லும் (அது தின்னும் உலர்புல்) தண்ணீரும் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுறுசுறுப்பாக இருந்து விழுங்குகிறது என்றால் மட்டும், பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாயோரமாகத் துளித்துளியாகக் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் விடாதீர்கள், புரையேறிவிடும். கட்டுப் போடாதீர்கள், காலை நேராக்கவும் முயலாதீர்கள்.

சாயல்குடி தம்பி, உங்கள் ஆட்டுக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் இது ஈர்க்குச்சி எலும்பு. பத்தையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், பற்றை நக்கித் தின்றுவிடும், கட்டையும் இரவோடு இரவாகக் கொறித்துப் போட்டுவிடும்.

உப்புக்காற்று (9.30)
கொண்டுபோகும்போது சூடு ஏறாமல் இருக்க மீன் போடும் தெர்மாக்கோல் பெட்டி நல்லது. அடியில் ஐஸ் பரப்பி மேலே துணி போட்டுவிடலாம்.

கொறிணிக்காரர் (9.33)
தெர்மாக்கோலைக் கொறித்து விழுங்கினால் குடல் அடைக்கும். மூடி போட்டால் காற்றும் இல்லை. அடிபட்டு அதிர்ச்சியில் இருக்கும் பிராணியை ஐஸ் மேல் படுக்க வைக்கச் சொல்கிறீர்களே! உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு ஓரத்தில் வைத்தால் போதும், வேண்டுமானால் அது விலகிப் படுத்துக்கொள்ளும். கார் ஏசி இருந்தால் அதுவும் வேண்டாம். காது சில்லிட்டிருந்தால் பாட்டிலே கூடாது.

உப்புக்காற்று (9.37)
இந்தக் கரையில் சின்சில்லா வளர்க்கவே கூடாது, அதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? சித்திரை வெயிலில் மனுஷனே தாங்கவில்லை.

கொறிணிக்காரர் (9.42)
காட்டில் பிடித்து வந்த பிராணி இல்லை இது. 1923-ல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியில் இருந்து கலிஃபோர்னியாவுக்குப் 11 சின்சில்லாக்களைக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பரம்பரை. குளிர்ந்த அறை இருந்தால் எந்த ஊரிலும் வாழும்.

உப்புக்காற்று (9.45)
பரம்பரை மாறியிருக்கலாம், ரோமம் மாறவில்லையே. கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறாரே, அப்போது குளிர்ந்த அறை எங்கே இருக்கும்? விற்கும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

கொறிணிக்காரர் (9.47)
இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. படித்துவிட்டு வாதாடுங்கள்.

மண்டபம்வாசி (9.49)
இரண்டு பேரும் வேறு இழையில் பேசுங்கள், இங்கே ஒரு உயிர் கிடக்கிறது. தங்கச்சி, கிளம்பும் முன்னால் போனில் முயல், கினிப்பன்றி பார்ப்பீர்களா, எக்ஸ்ரே உண்டா, இவ்வளவு சின்னப் பிராணிக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். மதுரையில் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள். பரமக்குடி தாண்டும் வரை வேகத்தடைகளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், கூடை உங்கள் மடியில் இருக்கட்டும். விரல் எப்படி இருக்கிறது?

சாயல்குடி ஆட்டுக்காரன் (10.20)
அக்கா, என்ன ஆச்சு?

மண்டபம்வாசி (காலை 6.15)
தங்கச்சி, விரலைப் பார்த்தீர்களா? ஏதாவது சாப்பிட்டதா?

கீழைப்பெண் (மறுநாள் மதியம் 1.40)
விரல் சில்லென்று இருந்தது, ராத்திரியே கிளம்பிவிட்டோம். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்தார். முறிவுதான், இரண்டு இடத்தில். வலிக்கு ஊசி போட்ட பிறகு புல்லை இழுத்து ஒரு துண்டு தின்றது, புழுக்கையும் போட்டது. கம்பி வைத்துப் பார்க்கலாம், ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலை எடுக்கணும் என்கிறார். இங்கேதான் இருக்கிறோம்.

மண்டபம்வாசி (1.52)
தின்றதே பெரிய விஷயம். காலை எடுக்க நேர்ந்தாலும் மனசு விடாதீர்கள், மூன்று காலில் சின்சில்லா நன்றாகவே வாழும். கூண்டில் தட்டுகளைத் தாழ்வாக வைத்து, கம்பிவலை மேல் மரப்பலகை போட்டால் போதும். கொறிணிக்காரர் கூண்டின் தரையைக் கேட்டதும் சரியான கேள்விதான். வீட்டுக்குக் கொடுத்துவிடும் மருந்துகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாய்வழியாக அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள், அது இந்த இனத்தின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். வலி மருந்து எத்தனை நாளைக்கு என்பதையும் கேளுங்கள்.

கொறிணிக்காரர் (2.05)
எடை எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கே எடை போட்டுக் குறித்து வையுங்கள், இனி தினமும் அதே தராசில். நேற்றுப் பேச்சு கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது, மனதில் வைக்க வேண்டாம். சிரிஞ்சில் ஊட்ட மதுரையில் தீவனப் பொடி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என்னிடம் ஒரு பாக்கெட் இருக்கிறது, பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.