180 பவுண்ட் கடிகாரத்தை அனுப்ப 265 பவுண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பழையாறு:

வணக்கம். நான் நாகர்கோவில், வடசேரிப் பக்கம். பழைய சுவர்க் கடிகாரம் என்றால் கொஞ்சம் கிறுக்கு உண்டு. போன வாரம் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ஏலக்கூடத்தின் நேரலை ஏலத்தில் ஒரு ஃப்யூசீ டிராப் டயல் கடிகாரம் எடுத்தேன் (முகத்துக்குக் கீழே பெண்டுலப் பெட்டி இறங்கியிருக்கும் வகை; ஸ்பிரிங்கின் விசை ஒரு கூம்பில் சுற்றிய செயின் வழியாகப் போவதைத்தான் ஃப்யூசீ என்பார்கள்). மகோகனிக் கூடு, 12 அங்குல முகம், 1880 வாக்கில் செய்தது என்று பட்டியலில் இருந்தது.

பில் இப்படி: ஏலத்தொகை 180 பவுண்ட், வாங்குபவர் பிரீமியம் (ஏலக்கூடம் வாங்குபவரிடம் எடுக்கும் கமிஷன்) 25% என்று 45, அந்தப் பிரீமியத்துக்கு 20% வாட் 9, ஏலத் தளத்தின் கட்டணம் 5% என்று 9, அதற்கும் வாட் 1.80. ஆக 244.80. இதெல்லாம் விதிமுறையில் முன்பே போட்டிருந்ததுதான், அதில் தகராறு இல்லை.

ஏலக்கூடம் தானாக எதையும் அனுப்பாதாம். வெளியே பேக்கிங் செய்து அனுப்பும் ஒரு நிறுவனத்தைக் கைகாட்டினார்கள். அவர்கள் தந்த கொட்டேஷன் 265 பவுண்ட்: பேக்கிங் 60, கூரியர் 190, இன்சூரன்ஸ் 15. கடிகாரத்தின் எடை 11 கிலோதான். கொட்டேஷனில் 49.5 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். தட்டச்சுப் பிழையா, இல்லை தலையில் மிளகாய் அரைக்கிறார்களா? இதைக் குறைக்க வழி உண்டா? இங்கே கஸ்டம்ஸில் எப்படிப் பார்ப்பார்கள்? பத்து வேலை நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள் வாடகை என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

குழித்துறை:

பிழையும் இல்லை, ஏமாற்றும் இல்லை அண்ணாச்சி. பெட்டியின் அளவு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சர்வதேச கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஈத்தாமொழியில் தும்பு (தேங்காய் நார்) ஏற்றுகிற லாரியைப் பார்த்திருப்பீர்களே, எடை ஏறும் முன்பே இடம் நிரம்பிவிடும். விமானத்திலும் அதே கதைதான்.

பழையாறு:

பார்த்தேன். 95 × 65 × 40. வகுத்தால் 49.4 வருகிறது. சரி, அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றி 49.5 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் கடிகாரம் 66 சென்டிமீட்டர் உயரம், 42 அகலம், 17 ஆழம்தானே? எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி?

தக்கலைக்காரி:

அவர்கள் கையில் இருக்கும் ஸ்டாக் பெட்டி அதுவாக இருக்கும். கேட்காவிட்டால் கையில் கிடைத்ததில் போட்டுவிடுவார்கள். சுற்றிலும் ஆறேழு சென்டிமீட்டர் மெத்தை போதும். "80 × 55 × 32-க்கு மேல் போகாமல், அளவுக்கு வெட்டிய இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி" என்று எழுதிக் கேளுங்கள். கன எடை 28.16, அதாவது 28.5 கிலோ. ஒரே கடிகாரம், 21 கிலோ குறைகிறது.

பெட்டியைச் சின்னதாக்கும்போது உள்ளே கட்டுவது சரியாக இருக்க வேண்டும். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். அது தொங்குகிற சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, கிட்டத்தட்ட தாள் கனம்தான். பெண்டுலத்தை மாட்டியபடியே அனுப்பினால் முதல் குலுக்கலிலேயே மடங்கும். பெண்டுலம் போனபின் உள்ளே ஆடுகிற கம்பியை ஒரு துண்டு ஃபோம் வைத்து அசையாமல் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்குக் குறுக்கே பேப்பர் டேப் ஒட்டலாம். முகத்தின் பெயின்டில் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது, எடுக்கும்போது எண்ணும் கூடவே வரும். சாவியைக் கூட்டுக்குள் சும்மா போட்டுவிடக் கூடாது, உறையில் போட்டு வெளிப்பெட்டியில் ஒட்ட வேண்டும்.

ஃப்யூசீ என்பதால் இன்னொன்று. கடிகாரம் தானே ஓடி நின்ற நிலை போதும். ஸ்பிரிங்கை முழுக்க இறக்குகிறேன் என்று யாராவது ஆர்வமாகக் கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயின் தளர்ந்து கூம்பை விட்டு இறங்கிவிடும், பிறகு அதைச் சுற்ற ஆள் தேட வேண்டும்.

இன்சூரன்ஸ் தாளையும் படியுங்கள். உடைந்தால் தருவார்கள். வெளியே எந்தக் காயமும் இல்லாமல் "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் பல பாலிசிகள் தராது.

ஈத்தாமொழி:

தும்பு லாரியை இழுத்ததால் நானும் வருகிறேன். கூரியரே எதற்கு? அங்கே உங்கள் சொந்தத்தில் யாரும் நர்ஸாக இல்லையா? நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இங்கிலாந்திலோ கல்ஃபிலோ இருப்பார்களே. அவர் ஏலக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வீட்டில் வைத்தால் நாள் வாடகை மிச்சம்.

இந்த வகைக் கடிகாரத்தில் ஒரு வசதி உண்டு. முகத்தைச் சுற்றிய மரவளையமும் பின்பெட்டியும் ஆணியால் அடித்தவை அல்ல. பின்பெட்டியின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்த்தால் நான்கு மர ஆப்புகள் தெரியும். பைய உருவினால் முகமும் இயந்திரமும் ஒரு துண்டு, பெட்டி ஒரு துண்டு. பெண்டுலத்தை முதலில் எடுத்துவிட வேண்டும், அது முக்கியம். இரண்டு சூட்கேஸில் துணிக்கு நடுவே வந்துவிடும். ஆப்புகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தோமோ அந்த எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள், நான்கும் ஒரே கனமாக இருக்காது. கைப்பையில் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டாம். ஸ்கேனரில் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பிரிக்கச் சொல்வார்கள்.

பழையாறு:

சித்தி மகள் பர்மிங்காமில் இருக்கிறாள், கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருவாள். ஆனால் ஏலக்கூடம் அவள் வீட்டிலிருந்து ரொம்ப தூரம். இங்கிலாந்துக்குள்ளேயே அவள் வீட்டுக்குக் கூரியர் போட முடியுமா? "கிஃப்ட்" என்று எழுதி நேராக இங்கே அனுப்பினால் வரி இல்லை என்று ஒருவர் சொன்னாரே, அது உண்மையா?

குழித்துறை:

கிஃப்ட் யோசனையைத் தூக்கி எறியுங்கள். 5000 ரூபாய் வரை கிஃப்டுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. ஏல பில்லோடு வருகிற பெட்டியில் கிஃப்ட் என்று எழுதினால் பொய்க் கணக்கு ஆகிவிடும், அதற்கு அபராதம் வேறு.

கஸ்டம்ஸ் மதிப்பில் ஏலத்தொகை மட்டும் வராது. பிரீமியம், பேக்கிங், இன்சூரன்ஸ், போக்குவரத்து எல்லாம் ஏறும். ஆனால் விமானத்தில் வந்தால் போக்குவரத்துக்காகச் சேர்ப்பது, பொருளை அங்கே ஏற்றும்வரை ஆகிற மதிப்பில் 20%-க்கு மேல் போகக் கூடாது என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. உங்கள் பொருளும் பேக்கிங்கும் சேர்ந்து 305 பவுண்ட் என்றால் ஏறக்குறைய 61 பவுண்ட்தான் சேர வேண்டும், கூரியருக்கு நீங்கள் 190 கொடுத்திருந்தாலும். வரி போட்ட தாளில் இதைச் சரிபாருங்கள். கூரியர் நிறுவனம் உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டினால் அதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் போடும்.

பில்லில் "1880 வாக்கில்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நூறு வயது தாண்டிய பழம்பொருளுக்குச் சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு, 9706. வெறும் "சுவர்க் கடிகாரம்" என்று போட்டால் சாதாரணக் கடிகாரத் தலைப்பில் தள்ளிவிடுவார்கள். கேஒய்சி ஆவணங்களையும் இப்போதே தயாராக வையுங்கள். அது இல்லாமல் பெட்டி ஏர்போர்ட்டில் உட்கார்ந்தால் டெமரேஜ், அதாவது கிடங்கு வாடகை ஏறும். ஆள் கையில் கொண்டுவந்தாலும் பில் கையில் இருக்கட்டும்.

தக்கலைக்காரி:

உள்ளூர்க் கூரியர் தாராளமாகப் போடலாம், சர்வதேசக் கட்டணத்தில் சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் அதற்கும் அதே பேக்கிங் வேண்டும். "இங்கிலாந்துக்குள்தானே" என்று பபிள் ராப்பில் சுற்றி அனுப்பிவிடுவார்கள்.

இனிமேல் எடுக்கும்போது ஒரு கணக்கு. உங்கள் கூடத்தின் விகிதப்படி ஏலத்தொகையை 1.36-ஆல் பெருக்கினால் பில் வந்துவிடும் (180 × 1.36 = 244.80). நான் தலைகீழாகப் போவேன். கையில் 500 பவுண்ட் என்றால், லாட் எண்ணையும் (ஏலப் பட்டியலில் அந்தப் பொருளின் எண்) அளவையும் கொடுத்து ஏலத்துக்கு முன்பே கொட்டேஷன் வாங்குவேன். அனுப்ப 190 என்றால் மீதி 310. அதை 1.36-ஆல் வகுத்தால் 228. அதற்கு மேல் பட்டனைத் தொடமாட்டேன், எதிரில் யார் ஏற்றினாலும் சரி.

மரத்தையும் பார்க்க வேண்டும். மகோகனியில் செய்து முடித்த கூட்டுக்குச் சிக்கல் இல்லை. ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி இனம் என்று எழுதியிருந்தால் ஏலம் கேட்கும் முன் அனுப்புபவரிடம் விசாரியுங்கள். 2017 ஜனவரி முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே இன்னும் கடுமையான பட்டியலில். தந்தம் பதித்தது என்றால் நினைக்கவே வேண்டாம். பாதரசம் உள்ள பழைய பாரோமீட்டரையும் கூரியர்காரர்கள் தொடமாட்டார்கள், விமானத்தின் அலுமினியத்தை அரித்துவிடும்.

திருவட்டாறு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மச்சி வீட்டில் பழைய வெண்கலத் தூக்குவிளக்கு ஒன்று இருக்கிறது. இதே ஏலங்களில் வெளிநாட்டுக்கு விற்கலாமா? அனுப்ப எவ்வளவு ஆகும்?

குழித்துறை:

நூறு வயது தாண்டியது என்றால் அனுப்பவே முடியாது மக்கா. 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதிக்குத் தடை. அவ்வளவு பழையது இல்லை என்றால் அதற்குத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

பழையாறு:

எல்லோருக்கும் நன்றி. தக்கலைக்காரி எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். அதே நிறுவனம் புதுக் கொட்டேஷன் தந்தது: பேக்கிங் 55, கூரியர் 118, இன்சூரன்ஸ் 15, ஆக 188. பிரீமியத்து வாட்டைத் திருப்பித் தர முடியுமா என்று ஏலக்கூடத்தைக் கேட்டேன். நாட்டை விட்டுப் போனதற்குச் சான்று காட்டினால் பார்க்கலாம் என்றார்கள், அதுவும் அவர்கள் ஏற்கும் கூரியர் வழியாகப் போனால் மட்டும்.

சித்தி மகள் வழி இன்னும் மலிவுதான். ஆனால் பிள்ளைகளோடு வருகிறாள், இரண்டு சூட்கேஸைக் கேட்பதற்கு மனசு வரவில்லை. 188-க்கே சரி என்று சொல்லிவிட்டேன். ஃப்யூசீ செயின் தெரிந்த கடிகார மெக்கானிக் நாகர்கோவில், திங்கள்நகர் பக்கம் யாராவது உண்டா?

ஈத்தாமொழி:

உண்டு, கோட்டாறில் ஒரு பெரியவர். பெயரைப் பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் தருகிறேன். பெட்டியைத் திறக்கும்போது முதல் டேப்பைக் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.