கிரீக் யோகர்ட் சேர்த்த கேக்கின் அடிப்பகுதி பிசுபிசுப்பாகவே நிற்கிறது: தவறு எங்கே?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வெண்ணெயைத் தவிர்த்து எளிய வெனிலா கேக் செய்ய வேண்டும் என்று, கடந்த இரண்டு வாரங்களில் மூன்று முறை கிரீக் யோகர்ட் (நீர் வடித்த கெட்டித் தயிர்) சேர்த்துச் செய்து பார்த்தேன். மூன்று முறையும் ஒரே குறைதான் வந்தது. ஓவனுக்குள் நன்றாக உப்பி எழும் கேக், வெளியே எடுத்த பத்து நிமிடங்களுக்குள் நடுவில் அமுங்கிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் மேற்பகுதி சரியாக இருக்க, அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு ஈரமான பட்டை ஒன்று மினுமினுப்பாகத் தெரிகிறது. அதை விரலால் அழுத்தினால் பசை போல ஒட்டுகிறது. சாப்பிட்டால் புளிப்பும் தூக்கலாக இருக்கிறது.

நான் எடுத்த அளவு: மைதா 190 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. மூலக் குறிப்பில் 115 கிராம் வெண்ணெய் இருந்தது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, அதே எடைக்குக் கொழுப்பு நீக்கிய கிரீக் யோகர்ட்டைச் சேர்த்தேன். கட்டி தட்டக் கூடாது என்பதற்காக மைதாவைச் சேர்த்த பிறகு மின் கலக்கியால் ஐந்து நிமிடம் அடித்தேன். 20 செ.மீ. வட்ட டின்னில், 180 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் வைத்தேன். மூன்றாம் முறை பத்து நிமிடம் கூட்டியும் மேல்புறம் கருத்ததே தவிர அடிப்பட்டை மாறவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு இந்தக் கேக்கையே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரத்திற்குள் இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

பதில் 1

வணக்கம். அளவுகளை முழுமையாக எழுதியிருப்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கிறது. வெண்ணெய் இருந்த இடத்தில் தயிரை வைத்ததுதான் சிக்கலின் வேர். தயிர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது கொழுப்பின் வேலையைச் செய்யாது.

வெண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பு. ஆகவே 115 கிராம் வெண்ணெயை நீக்கியபோது சுமார் 92 கிராம் கொழுப்பு வெளியேறியது. அதற்கு ஈடாக வந்த கொழுப்பு நீக்கிய கிரீக் யோகர்ட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அளவுக்கு நீர்தான் இருக்கிறது. கரண்டியில் நிமிர்ந்து நிற்பதால் அது நமக்குத் திடப்பொருளாகத் தோன்றுகிறது. மாவுக்கோ அது நீர்தான். இந்த மாற்றத்தால் மட்டும் உங்கள் கலவையில் ஏறத்தாழ 80 மில்லி நீர் கூடியிருக்கிறது. 120 மில்லி பாலையும் நீங்கள் குறைக்கவில்லை. இவ்வளவு ஈரத்தை 190 கிராம் மைதாவால் தாங்க முடியாது. தாங்காத ஈரம் அடியில் தங்கி, வெந்தும் வேகாத பட்டையாகிறது. நடுப்பகுதியும் உறுதி பெறாததால், சூடு தணிந்தவுடன் அமுங்கிவிடுகிறது.

அடித்துக் கலக்கியதும் இதே குறையைப் பெருக்கியிருக்கிறது. கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் படிந்து, நீர் அவற்றோடு எளிதில் சேராதபடி தடுக்கும். அந்தக் காப்பு இல்லாத கலவையை ஐந்து நிமிடம் அடித்தால் மாவின் பசையம் (குளூட்டன் என்னும் ஒட்டும் புரதம்) இறுகி, கேக் ரப்பர் போல ஆகும். மைதா சேர்த்த பிறகு மின் கலக்கியைத் தொடவே வேண்டாம். அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் இரண்டொன்று இருந்தால் அவை ஓவனில் கரைந்துவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மைதா, சர்க்கரை, முட்டை ஆகியவை அதே அளவில் இருக்கட்டும். கொழுப்பு நீக்காத கிரீக் யோகர்ட் 180 கிராம், மணமில்லாத சமையல் எண்ணெய் 80 மில்லி சேருங்கள். பாலை அறவே விட்டுவிட்டு, கலவை மிகவும் கெட்டியாக இருந்தால் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். யோகர்ட்டையும் முட்டையையும் அரை மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் சேர்ப்பவர்களுக்கு இது கட்டாயம். குளிர்ந்த தயிர் பட்டதும் வெண்ணெய் மணி மணியாக உறைந்துவிடும்.

ஓவனில் 175 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் ஆகலாம். குச்சியை மட்டும் நம்ப வேண்டாம். அடிப்பட்டை இருக்கும்போதே அது சுத்தமாக வெளிவருவது உண்டு. சமையல் வெப்பமானி இருந்தால் கேக்கின் நடுவில் 95 டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். புளிப்பைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் பேக்கிங் பவுடரை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதில் உள்ள சோடாவுக்குத் தேவையான அமிலமும் சேர்ந்தே இருப்பதால், யோகர்ட்டின் லாக்டிக் அமிலம் தணியாமல் அப்படியே நின்று புளிப்பாகத் தெரிகிறது. 180 கிராம் யோகர்ட்டுக்குக் கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா போட்டு, பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். சோடா ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு வீரியம் உள்ளது என்பதால் கை தாராளமாகப் போனால் சோப்புச் சுவை வரும். கரண்டியைத் தலைதட்டி அளந்து, மைதாவோடு சேர்த்துச் சலித்துவிடுவது நல்லது. ஈரம் பட்டவுடனே சோடா வாயுவை விடத் தொடங்கிவிடும். எனவே ஓவனை முன்பே சூடாக்கி வைத்து, கலந்த கையோடு டின்னை உள்ளே வைக்க வேண்டும்.

டப்பாவின் மேல் உள்ள சேர்மானப் பட்டியலையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கிரீக் பாணி என்று விற்கப்படுபவற்றில் சில, வடிகட்டப்படாமல் ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டவை. ஐயம் இருந்தால் கொழுப்பு நீக்காத சாதாரணத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வடிய விடுங்கள். ஏறக்குறைய பாதி எடைக்குக் கெட்டித் தயிர் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன அளவிலேயே இன்று காலை செய்தேன். 46 நிமிடங்கள் ஆயின. கேக் அமுங்கவில்லை, அடிப்பட்டை இல்லை, புளிப்பு மட்டாக நின்று வெனிலா மணம் முன்னால் வருகிறது. மீதமிருக்கும் யோகர்ட்டில், முட்டையும் சர்க்கரையும் கலந்து சிறு கிண்ணங்களில் ஓவனில் வைத்து எடுக்கும் இனிப்பைச் செய்ய விரும்புகிறேன். முன்பு ஒருமுறை கொழுப்பு நீக்கிய யோகர்ட்டில் 180 டிகிரியில் செய்தபோது திரிந்து நீர் பிரிந்துவிட்டது.

பதில் 1

கேக் நன்றாக வந்தது பெருமகிழ்ச்சி. அந்த இனிப்புக்கு 180 டிகிரி மிக அதிகம். அமிலம் உள்ள இடத்தில் கடும் சூடு பட்டால் புரதம் சுருங்கி, தனக்குள் பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். கொழுப்பு நீக்கிய யோகர்ட்டில் இது இன்னும் விரைவாக நடக்கும். கொழுப்புள்ளதையே எடுத்து, 250 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். அது திரிவதைப் பெரிதும் தடுக்கும். நுரை பொங்க அடிக்காமல் மெதுவாகக் கலக்கி, கிண்ணங்களின் பாதி உயரத்திற்கு வெந்நீர் ஊற்றிய தட்டில் அவற்றை வைத்து, 150 டிகிரியில் வேகவிடுங்கள். ஓரம் இறுகி, கிண்ணத்தை லேசாக ஆட்டும்போது நடுப்பகுதி மட்டும் ததும்பாமல் நடுங்கினால் அதுவே பதம். முழுவதும் இறுகட்டும் என்று காத்திருந்தால் நீர் பிரிந்துவிடும். ஓவனை அணைத்துக் கதவைச் சற்றே திறந்து வைத்து ஆறவிட்டு, பிறகு நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். மீதி இறுக்கம் அங்கே வந்துவிடும்.